கைப்பேசி அணைந்த பிறகு எது மிஞ்சும்? செயற்கைக்கோள் செய்திக் கருவிகள்: ஓர் ஒப்பீடு

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில், யோசெமிட்டி பள்ளத்தாக்கிலிருந்து விட்னி சிகரம் வரை ஏறத்தாழ 340 கிலோமீட்டர் நீளும் ஜான் மியூர் நடைத்தடத்தில், பெரும்பாலான இடங்களில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. அங்கே பல நாள் நடைக்குப் போகிறவருக்குத் தாம் இருக்கும் இடம் தமக்குத் தெரிய வேண்டும். தேவைப்பட்டால் வெளியே இருப்பவர்களுக்கும் அதைத் தெரிவிக்க வழி வேண்டும். இந்த இரண்டு தேவைகளுக்கும் சந்தையில் கிடைக்கும் கருவிகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கார்மின் நிறுவனத்தின் இன்ரீச் மினி 2 என்ற செயற்கைக்கோள் செய்திக் கருவியை வாங்கினேன். சில கோடைப் பருவங்களாக அதுதான் என் தோள்பட்டை வாரில் தொங்குகிறது. எனவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

ஜிபிஎஸ் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கைப்பேசியில் உள்ள ஜிபிஎஸ் இயங்கக் கோபுரச் சிக்னல் தேவையில்லை. வரைபடங்களை வீட்டிலேயே பதிவிறக்கி வைத்துக்கொண்டு, விமானப் பயன்முறையில் போட்டுவிட்டால் போதும். திறந்த வானத்தின் கீழ் சுமார் 5 மீட்டர் துல்லியம் கிடைக்கிறது. கையாவோ கால்டோப்போவோ எந்தச் செயலியாக இருந்தாலும் பெரிய வண்ணத் திரையில் உயரக் கோடுகளைப் பார்க்கும் வசதிக்குத் தனி ஜிபிஎஸ் கருவி எதுவும் ஈடாகாது. அந்த வகைக் கருவிகளில் இன்று பொருட்படுத்தத் தக்கது, வரைபடத்தையும் செயற்கைக்கோள் செய்தியையும் ஒன்றாகத் தரும் கார்மின் ஜிபிஎஸ்மேப் 67ஐ. 2023-இல் 600 டாலருக்கு வந்த அது 230 கிராம் எடையுள்ளது. பொத்தான்களால் இயங்குவதால் தடித்த கையுறையோடும் கையாளலாம் என்கிறார்கள். நான் பனிக்காலத்தில் பல நாள் நடை போனவன் அல்லன். அந்த வாதத்தின் எடையைப் பனிச்சறுக்கில் போகிறவர்களே சொல்ல வேண்டும். கோடையில், கைப்பேசியை எப்படியும் எடுத்துச் செல்லும் எனக்கு, இன்னொரு வரைபடத் திரைக்காகக் கூடுதலாக 130 கிராம் சுமக்கக் காரணம் இல்லை.

ஆகவே உண்மையான போட்டி செய்திக் கருவிகளுக்கு இடையில்தான். அவற்றில் பழைய தலைமுறையைச் சேர்ந்தது ஸ்பாட். அதன் நான்காம் தலைமுறைக் கருவி 150 டாலருக்கு வெளிவந்தது. எங்கும் கிடைக்கும் ட்ரிபிள் ஏ பேட்டரிகளில் ஓடுகிறது. ஆனால் அது ஒருவழிப் பாதை. பொத்தானை அழுத்தினால் செய்தி வானத்துக்குப் போகும். போய்ச் சேர்ந்ததா என்று கருவிக்கே தெரியாது. அதனால்தான் ஒரே செய்தியை அது பலமுறை திரும்பத் திரும்ப அனுப்புகிறது. விளக்கு மின்னுவதற்கு அனுப்பப்பட்டது என்றுதான் பொருள்.

பிஎல்பி எனப்படும் தனிநபர் அபாய அறிவிப்புக் கருவிக்கு உரிய மரியாதையைக் கொடுத்தே ஆக வேண்டும். அது 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 5 வாட் வலிமையோடு கோஸ்பாஸ்-சார்சாட் செயற்கைக்கோள்களை நோக்கிக் கூவுகிறது. அமெரிக்காவும் கனடாவும் பிரான்சும் சோவியத் ஒன்றியமும் சேர்ந்து உருவாக்கிய அந்த அமைப்பு 1982 முதல் உயிர்களைக் காத்து வருகிறது. சந்தா கிடையாது. அமெரிக்காவில் நோவா என்ற கடல், வளிமண்டல அரசு அமைப்பில் இலவசமாகப் பதிவு செய்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். அடர்ந்த மரங்களுக்கு அடியிலிருந்தும் எட்டக்கூடிய வலிமை அதற்கு உண்டு. இருந்தும், உயிருக்கு ஆபத்து என்ற ஒரே ஒரு செய்தியைத்தான் அதனால் சொல்ல முடியும். மலையில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை அந்த அளவுக்குப் போவதில்லை: ஓடையில் நீர் ஏறிவிட்டதால் மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டும், கணுக்கால் பிசகியதால் ஒரு நாள் தாமதமாகும். இவற்றுக்காக பிஎல்பியின் ஆன்டெனாவை விரிப்பது தவறு. விரிக்காவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் ஷெரிஃப் அலுவலகத்தை அழைத்துவிடுவார்கள்.

எஞ்சுவது ஸோலியோவும் மினி 2-உம். இரண்டையும் கைப்பேசியோடு இணைத்து, அதிலுள்ள செயலி வழியாகச் செய்தி எழுதலாம். இரண்டும் இரிடியம் என்ற செயற்கைக்கோள் வலையமைப்பில் இயங்குகின்றன. ஏறத்தாழ 780 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் 66 செயற்கைக்கோள்கள் தமக்குள்ளேயே செய்தியைக் கைமாற்றிக்கொள்வதால், உலகின் எந்த மூலையிலும் வானம் தெரிந்தால் செய்தி போகும். ஸ்பாட் பயன்படுத்தும் குளோபல்ஸ்டார் வலையமைப்பில், செயற்கைக்கோளின் பார்வைக்குள் ஒரு தரைநிலையமும் இருந்தாக வேண்டும். சியராவில் இது பெரிய வேறுபாடு இல்லை. தொலைதூர நாடுகளுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது.

ஸோலியோ பல வகையில் கெட்டிக்காரக் கருவி. விலை மினி 2-இன் அறிமுக விலையில் பாதி, அதாவது 200 டாலர் அளவு. பயனருக்கென்று ஓர் எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் கிடைப்பதால், வீட்டில் உள்ளவர் தாமே முதலில் செய்தி அனுப்பலாம். கோபுரச் சிக்னலும் வைஃபையும் உள்ள இடத்தில் அவற்றின் வழியாகவும், இல்லாத இடத்தில் செயற்கைக்கோள் வழியாகவும் ஒரே உரையாடல் அறுபடாமல் தொடரும். நண்பர் ஒருவர் அதை வைத்திருக்கிறார். சேர்ந்து நடந்தபோது, மாலை முகாமில் கைப்பேசியை எடுத்துச் செய்தி அனுப்பும் வேகத்தில் அவருடையது எனதைவிட எளிதாகவே தோன்றியது.

எனக்கு முடிவை எடுத்துக் கொடுத்த கேள்வி வேறு: கைப்பேசி அணைந்துபோனால் கையில் என்ன மிஞ்சும்? இதை ஒரு கற்பனைச் சிக்கல் என்று தள்ளிவிட முடியாது. ஐபோன் இயங்க ஏற்ற வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை என்று ஆப்பிளே வரையறுத்திருக்கிறது. சியராவில் 3,300 மீட்டருக்கு மேல், ஆகஸ்டிலும் சில இரவுகளில் தண்ணீர்ப் புட்டியின் வாயில் பனி கட்டும். அதற்கு மேல், பகல் முழுக்க வரைபடம் காட்டியும் படம் எடுத்தும் களைத்துப்போவது அதே பேட்டரிதான். ஆற்றைக் கடக்கும்போது தவறி விழுவதும், கருங்கல்லில் மோதித் திரை நொறுங்குவதும் உடலுக்கு அடிபடும் அதே நொடியில் நேர்கிறவை. அவசரக் கருவி தேவைப்படும் நேரமும் கைப்பேசி கைவிடும் நேரமும் ஒன்றாக வர வாய்ப்பு அதிகம் என்பதே என் வாதம்.

அந்த நேரத்தில் ஸோலியோவில் மிஞ்சுவது எஸ்ஓஎஸ் பொத்தான், நலமாக இருக்கிறேன் என்று சொல்லும் பொத்தான், சில விளக்குகள். எஸ்ஓஎஸ் போய்ச் சேர்ந்ததை விளக்கு உறுதி செய்யும். அந்த வகையில் ஸ்பாட்டைவிட மேல். ஆனால் அதில் திரை இல்லை. மீட்பு மையம் என்ன காயம், எத்தனை பேர், நடக்க முடிகிறதா என்று கேட்டால், செய்தி வந்திருப்பதைக் காட்டும் விளக்கு மட்டும் எரியும். கேள்வியைப் படிக்கவும் பதில் எழுதவும் வழியில்லை. அந்தப் பதில்களைக் கொண்டுதான் ஹெலிகாப்டரா நடந்துவரும் குழுவா, எவ்வளவு அவசரம் என்பதை முடிவு செய்கிறார்கள். எஸ்ஓஎஸ் அழுத்தும் நிலை எனக்கு வந்ததில்லை என்பதால், அந்த உரையாடல் நடக்கும் விதத்தை அனுபவத்தில் சொல்ல முடியாது. கருவியில் எதற்கு வழி உண்டு, எதற்கு இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

மினி 2-இல் தபால்தலை அளவுக்கு ஒரு கறுப்பு வெள்ளைத் திரை உண்டு. அதில் வரும் செய்தியைப் படிக்கலாம். பதிலும் எழுதலாம், பொறுமை இருந்தால். மேல் பொத்தானையும் கீழ் பொத்தானையும் அழுத்தி ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். "வலது கணுக்கால், நடக்க முடியவில்லை" என்பதை ஆங்கிலத்தில் சொல்வதற்கே சில நிமிடங்கள் பிடிக்கும். அன்றாடம் யாரும் இப்படி எழுத மாட்டார்கள், நானும் கைப்பேசி வழியாகத்தான் எழுதுகிறேன். ஆனால் வேறு வழியே இல்லாதபோது இந்தச் சில நிமிடங்கள் பெரிய விலை ஆகாது. முன்கூட்டியே எழுதி ஏற்றிவைக்கும் மூன்று செய்திகளை இரண்டு மூன்று அழுத்தல்களில் அனுப்பிவிடலாம். என்னுடையவற்றில் ஒன்று, "திட்டத்தைவிடத் தாமதம், ஆபத்து ஒன்றும் இல்லை, தேட ஆள் அனுப்ப வேண்டாம்". ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதிவைத்திருக்கும் இந்த வாக்கியத்துக்காகவே சந்தா கட்டுகிறேன் என்றால் மிகையில்லை.

ஜிபிஎஸ் பக்கமும் இதே கதைதான். மினி 2-இன் திரையில் வரைபடம் கிடையாது. ஆனால் இருக்கும் இடத்தின் ஆயத்தொலைவுகளை அது காட்டும். டிராக்பேக் வசதி, நடந்து வந்த தடத்திலேயே திரும்பிப் போக அம்புக்குறி போட்டு வழிகாட்டும். மடித்த காகித வரைபடம் ஒன்றும் பையில் இருந்தால், கைப்பேசி செத்த பிறகும் வழி தவறாமல் வெளியே வந்துவிடலாம். கருவியின் எடை 100 கிராம். மைனஸ் 20 டிகிரி வரை இயங்கும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை இடத்தைப் பதிந்தாலும் திறந்த வானத்தில் 14 நாள் வரை பேட்டரி தாங்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. மரங்கள் நிறைந்த பள்ளத்தாக்குகளில் அந்த அளவை எதிர்பார்க்கக் கூடாது, ஏனெனில் செய்தி போகும் வரை கருவி திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும். மியூர் கணவாயின் திறந்த வெளியில் உடனே போகும் செய்தி, அதற்குக் கீழே லெ காண்ட் பள்ளத்தாக்கின் பாறைச் சுவர்களுக்கு நடுவே நெடுநேரம் எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். இது எந்தச் செயற்கைக்கோள் கருவிக்கும் உள்ள குறை.

கைப்பேசியிலேயே செயற்கைக்கோள் வசதி வந்துவிட்ட பிறகு இவையெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஐபோன் 14 முதல் அவசர எஸ்ஓஎஸ் வசதி 2022 நவம்பரில் வந்தது; 2024-இல் சாதாரணச் செய்திகளும் சேர்ந்தன. ஒரு நாள் நடைக்கு அது போதும் என்றே நினைக்கிறேன். ஆனால் திரை சொல்லும் திசையில் கைப்பேசியை ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, என் கேள்விக்கு அதில் விடை இல்லை, அது அணைந்தால் எல்லாமே அணைந்துவிடும்.

செலவைப் பொறுத்தவரை மினி 2 மலிவு இல்லை. மாதம் 15 டாலர் திட்டத்தை ஆண்டு முழுவதும் வைத்திருந்தால் ஐந்து ஆண்டில் 900 டாலர், அதாவது 400 டாலர் அறிமுக விலையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஸோலியோவின் அடிப்படைத் திட்டமும் மாதம் 20 டாலர் அளவில் இருப்பதால் கருவி விலையில் கிடைத்த மிச்சம் நான்கு ஆண்டில் கரைந்துவிடும். நடக்காத மாதங்களில் இடைநிறுத்தி வைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். கார்மின் 2024 செப்டம்பரில் திட்டங்களை மாற்றியமைத்திருப்பதால், பழைய விமர்சனங்களில் காணும் கட்டணங்களை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டாம்.

நம்மவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். இன்ரீச்சோடு வந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்தில் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறார்கள். ஊருக்குப் போகிற வழியில் அப்படியே இமயமலையும் போகலாம் என்று பெட்டியில் போட்டுவிடக் கூடாது.

படகில் போகிறவர்களும், சந்தாவே வேண்டாம் என்பவர்களும் பிஎல்பி வாங்கலாம். எப்போதும் குழுவாக நடந்து, குழுவில் பல கைப்பேசிகள் இருக்கும் என்றால் என் முக்கிய வாதம் பாதி வலுவிழக்கிறது. அவர்களுக்கு ஸோலியோவே நல்ல தேர்வு. தனியாகவோ இருவராகவோ போகிறவர்களுக்கு மினி 2-ஐத்தான் சொல்வேன். வாங்கியதும் முதல் வேலையாக, அந்த மூன்று செய்திகளை எழுதிக் கருவியில் ஏற்றி, கைப்பேசியை அணைத்துவிட்டு, வீட்டு வாசலில் நின்று ஒன்றை அனுப்பிப் பாருங்கள்.