மேட்ச் பால் விலையில் வந்த போலிப் பந்து: காசு கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கால்பந்து உலகக் கோப்பையில் ஆடிய பந்தின் படத்தைப் போட்டு, ‘அசல் மேட்ச் பால், சில நாட்களுக்கு மட்டும் தள்ளுபடி’ என்று விற்கும் ஆன்லைன் கடைகளிடம் உஷாராக இருங்கள். எங்கள் அணியில் எல்லோரும் காசு போட்டு, போட்டிகளுக்கென்று ஒரு நல்ல பந்து வாங்கினோம். வந்தது போலி. கடையின் பெயரை இங்கே போடவில்லை. புகார் இன்னும் முடியவில்லை என்பது ஒரு காரணம். இந்த மாதிரிக் கடைகள் பெயரை மாற்றிக்கொண்டு மறுநாளே வேறு கடையாக வந்து நிற்கும் என்பது இன்னொரு காரணம். அதனால் அவர்கள் எப்படி விற்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன்.

முதலில், இந்த ஏமாற்றுக்கு இடம் எங்கே கிடைக்கிறது என்று பார்க்கலாம். பெரிய கம்பெனிகள் ஒரே டிசைனைப் பல தரங்களில் விற்கின்றன. 2022 உலகக் கோப்பைக்கு அடிடாஸ் செய்த அல் ரிஹ்லாவில் களத்தில் ஆடியது ‘புரோ’. அதே வண்ணத்தில், அதே கோலத்தில் காம்பெடிஷன், லீக் என்று கீழே இறங்கி, பயிற்சிப் பந்து, குழந்தைகளுக்கான மினி வரை போகும். நைக்கியிலும் ஃப்ளைட், அகாடமி, பிட்ச் என்று இப்படித்தான் அடுக்கு. இதில் கம்பெனி யாரையும் ஏமாற்றவில்லை. எந்தத் தரம் என்பதைப் பந்திலேயே அச்சடிக்கிறார்கள், விலையும் அதற்குத் தகுந்த மாதிரி இருக்கும். ஆனால் மேல்தட்டுப் பந்துக்கும் அடிமட்டப் பந்துக்கும் விலை பல மடங்கு வித்தியாசப்படும், ஃபோன் திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். இந்த இடைவெளியில்தான் மூன்றாம் தரத்தை முதல் தரமாக விற்பவர்களும், மொத்தமாகப் போலியையே விற்பவர்களும் பிழைக்கிறார்கள்.

நாங்கள் பார்த்த விளம்பரத்தில் படம் புரோ பந்துடையது. விலை அசலைவிடக் குறைவு, ஆனால் சந்தேகம் வரும் அளவுக்குக் குறைவில்லை. தள்ளுபடிக் காலத்தில் உண்மையான கடைகளே கொடுக்கும் விலைதான். சாமர்த்தியமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

பந்து காற்றில்லாமல் மடிந்து வந்தது. அதில் தப்பில்லை, பல பந்துகள் அப்படித்தான் வரும். காற்றடித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த டிசைனின் புரோ பந்தில் தையலே கிடையாது. பேனல்களை, அதாவது மேலுறைத் துண்டுகளை, சூட்டில் ஒட்டி இணைப்பார்கள், மூட்டு வழவழவென்று மூடியிருக்கும். எங்களுக்கு வந்ததில் ஒவ்வொரு மூட்டிலும் மெஷின் தையல். விரலால் லேசாகப் பிரித்தால் நூல் தெரிகிறது. இத்தனைக்கும் பந்தின் மேல் ‘ஃபிஃபா குவாலிட்டி புரோ’ என்ற, ஃபிஃபாவின் உயர்தரச் சோதனையில் தேறிய பந்துக்கான முத்திரை இருக்கிறது! நகத்தால் சுரண்டினால் உரிந்து வருகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தையல் போட்டதாலேயே ஒரு பந்து மட்டமாகிவிடாது. கையால் தைத்த பந்துகள் பல காலம் உலகக் கோப்பையில் ஆடியவை. சூட்டில் ஒட்டிய பந்து உலகக் கோப்பைக்கு வந்ததே 2006-இல், டீம்கைஸ்ட் என்ற பந்தோடுதான். நான் சொல்வது, படத்தில் காட்டிய மாடலில் தையல் இருக்க வாய்ப்பே இல்லை என்பதை. உங்களுக்கு வரும் பந்தில் முதலில் பார்க்க வேண்டியதும் இதைத்தான். கம்பெனியின் சொந்தத் தளத்தில் அந்த மாடல் எப்படி இணைக்கப்பட்டது, எத்தனை பேனல் என்று பார்த்துக்கொண்டு, கையில் இருப்பதோடு ஒப்பிடுங்கள்.

கடைக்காரரிடம் கேட்டோம். முதல் பதில்: “சார், இது புது பேட்ச் சார், இப்போ இப்படித்தான் வருது.” கம்பெனித் தளத்தில் இருந்த விவரத்தை அனுப்பினோம். உடனே கதை மாறியது. “இது அதே ஃபாக்டரி சரக்கு சார். பிராண்டு மட்டும்தான் விலை, உள்ளே எல்லாம் ஒண்ணுதான்.” இந்த வசனத்தை நீங்களும் எங்காவது கேட்பீர்கள், அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். உலகத்தின் கால்பந்துகளில் பெரும் பங்கு பாகிஸ்தானின் சியால்கோட்டில் தயாராகிறது. 2014-இன் பிரஸூகாவும் 2022-இன் அல் ரிஹ்லாவும் அங்கே செய்யப்பட்டவைதான். ஆனால் அந்த ஊரில் பட்டறைகள் ஏராளம். ஒரே தொழிற்சாலையே மேல்தட்டுப் பந்தும் செய்யும், மலிவுப் பந்தும் செய்யும். மேலுறை, அடியில் வரும் துணி அடுக்குகள், உள்ளே காற்றைப் பிடித்து வைக்கும் ரப்பர் பையான பிளாடர், இணைக்கும் முறை எல்லாம் ஆர்டருக்கு ஆர்டர் மாறும். எந்த ஊரில் செய்தது என்பதை வைத்துத் தரத்தைச் சொல்லவே முடியாது.

கடைசியில் பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் அவர்களின் உண்மையான துருப்புச் சீட்டு வெளியே வந்தது. “காத்து அடிச்சுட்டீங்களே சார், யூஸ்டு ஆயிடுச்சு. ரிட்டர்ன் எடுக்க முடியாது.” காற்றடிக்காமல் பந்தை முழுதாகச் சோதிக்க முடியாது, காற்றடித்தால் திருப்ப முடியாது. யோசித்துப் பார்த்தால், பந்தைக் காற்றில்லாமல் அனுப்புவதே இவர்களுக்கு எவ்வளவு வசதி! நிறைய வாதாடிய பிறகு, அதே கடையில் மட்டும் செல்லும் ஒரு கூப்பன் தருவதாகச் சொன்னார்கள். அதே கடையில் இன்னொரு போலிப் பந்து வாங்குவதற்கா?

சரி, உங்களுக்குப் பந்து வந்தால் வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது? காற்றடிக்கும் முன் பெட்டி, முத்திரை, மூட்டுகள் எல்லாவற்றையும் வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். பெரும்பாலான போலிகள் இந்த நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். அப்புறம் ஊசியை ஈரமாக்கி மெதுவாகச் செலுத்தி, வால்வுக்குப் பக்கத்தில் அச்சிட்ட அழுத்தம் வரை மட்டும் அடியுங்கள். காய்ந்த ஊசியைக் குத்தினால் வால்வு போய்விடும், பிறகு பழி உங்கள் மேல்.

அடுத்தது எடை. கால்பந்து விதிகளின்படி 5-ஆம் எண் பந்து (பெரியவர்கள் ஆடும் அளவு), ஆட்டம் தொடங்கும்போது 410 முதல் 450 கிராம் வரை, சுற்றளவு 68 முதல் 70 செ.மீ. வரை இருக்க வேண்டும். குவாலிட்டி புரோ முத்திரைக்கு இன்னும் இறுக்கம்: 420 முதல் 445 கிராம், 68.5 முதல் 69.5 செ.மீ. சமையலறைத் தராசும் தையல்காரரின் நாடாவும் இதற்குப் போதும். நாடாவை ஒரே இடத்தில் சுற்றிவிட்டு நிறுத்தாதீர்கள். பந்தைத் திருப்பித் திருப்பி வெவ்வேறு திசைகளில் அளக்க வேண்டும். எங்கள் பந்து 410 கிராமைக்கூடத் தொடவில்லை, ஒரு திசைக்கும் இன்னொரு திசைக்கும் சுற்றளவு கண்ணுக்குத் தெரியும்படி மாறியது. மேலே தூக்கிச் சுழற்றி விட்டால் முட்டை மாதிரி ஆடியது.

ஆய்வகத்தில் 2 மீட்டர் உயரத்திலிருந்து எஃகுத் தகட்டின் மேல் பந்தை விடுவார்கள். குவாலிட்டி புரோ முத்திரைப் பந்து 135 முதல் 155 செ.மீ. வரை எழும்ப வேண்டும். வீட்டுத் தரையில் அதே எண் வராது. ஆனால் நன்றாக இருக்கும் வேறொரு பந்தைப் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே அழுத்தம் வைத்து விட்டுப் பார்த்தால் வித்தியாசம் புரியும். காற்று நிற்கிறதா என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு: 72 மணி நேரத்தில் அழுத்தம் 20 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. இதற்கு மட்டும் ஒரு பிரஷர் கேஜ் வேண்டும். அணியாக ஆடுபவர்களிடம் ஒன்று இருப்பது எப்படியும் நல்லது.

வீட்டில் செய்ய முடியாத சோதனைகள்தான் உண்மையில் விலையை நியாயப்படுத்துகின்றன. புரோ முத்திரைக்கு, பந்தை மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் எஃகுத் தகட்டின் மேல் 2000 முறை அடித்துவிட்டு, வடிவமும் அளவும் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தண்ணீரில் உருட்டி அழுத்தி, எடை 10 சதவீதத்துக்கு மேல் ஏறுகிறதா என்று பார்க்கிறார்கள். மழையில் தையல் வழியாகத் தண்ணீர் குடித்துக் கனத்துப்போன பந்தைத் தலையால் முட்டியவர்களுக்கு இந்த 10 சதவீதத்தின் அருமை தெரியும்.

அப்படியானால் விலை உயர்ந்த பந்து வாங்குவது லாபமா? என் கருத்து: அடிமட்டத்திலிருந்து நடுத்தரத்துக்குப் போகும்போது கொடுக்கும் காசு முழுக்க முழுக்கத் தகும். நடுத்தரத்திலிருந்து உச்சிக்குப் போகக் கொடுக்கும் காசு, உங்கள் மைதானத்தைப் பொறுத்தது. கெட்டியான பிவிசி பிளாஸ்டிக் உறைப் பந்திலிருந்து மென்மையான, நல்ல பியு (பாலியூரித்தேன்) உறைப் பந்துக்கு மாறினால் முதல் பாஸிலேயே காலுக்குத் தெரியும். ‘ஃபிஃபா குவாலிட்டி’ என்று புரோவுக்கு ஒரு படி கீழே இருக்கும் முத்திரையுள்ள பந்து, வார இறுதி அணிகளுக்குத் தாராளம். அதிலும் எடை, சுற்றளவு, எழும்புதல், காற்று, தண்ணீர் எல்லாம் சோதிக்கப்பட்டிருக்கும், சில வரம்புகள் மட்டும் கொஞ்சம் தளர்வு.

உச்சிப் பந்து நல்ல புல்லுக்காகச் செய்தது. கல்லும் மண்ணுமான திடலிலோ சிமெண்டிலோ ஆடினால் அந்த மெல்லிய உறை சீக்கிரமே சொரசொரத்துவிடும். அந்த விலையில் வாங்கியதைப் பார்க்கவே வயிறு எரியும். தையல் பந்தில் நூல் விட்டால் திரும்பத் தைத்துவிடலாம். சூட்டில் ஒட்டிய பந்தின் மூட்டு திறந்துகொண்டால் பழையபடி ஒட்டுவது நடைமுறையில் கஷ்டம். வெயிலில் காரின் டிக்கியில் போட்டு வைப்பதும் அதற்கு ஆகாது. பிளாடரையும் பாருங்கள். லேடெக்ஸ், பியூட்டைல் என்று இரண்டு வகை ரப்பர் உண்டு. லேடெக்ஸ் என்றால் தொடுதல் மென்மை, ஆனால் காற்று வேகமாக இறங்கும், ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் பம்ப் எடுக்க வேண்டும். பியூட்டைல் காற்றை நீண்ட நாள் பிடித்து வைக்கும். காற்று இறங்குகிறது என்பதற்காக மட்டும் ஒரு பந்தைப் போலி என்று முடிவு கட்டாதீர்கள்.

விலை ஏறினால் எல்லாமே நன்றாக இருக்கும் என்பதும் இல்லை. 2010-இன் ஜபுலானி அந்தக் காலத்தின் உச்சிப் பந்து, சூட்டில் ஒட்டிய 8 பேனல். அதை, சூப்பர்மார்க்கெட்டில் வாங்கும் பந்து மாதிரி இருக்கிறது என்று சொன்னவர் பிரேசிலின் கோல்கீப்பர் ஜூலியோ சீசர். மேற்பரப்பு வழவழப்பாகிப்போனதால், சுழலாமல் வேகமாக வரும் பந்து காற்றில் கணிக்க முடியாதபடி அலைந்தது. அடுத்து வந்த பிரஸூகாவில் பேனல்கள் 6 தான், ஆனாலும் மூட்டுகளின் மொத்த நீளத்தைக் கூட்டியிருந்தார்கள். மேற்பரப்பில் சொரசொரப்பும் கொடுத்தார்கள். அந்தப் புகார் பெரும்பாலும் அடங்கியது.

வாங்குபவர்களுக்கு: ஃபிஃபாவின் தளத்தில் சான்று பெற்ற பந்துகளின் பட்டியல் உண்டு. மாடல் பெயரை அங்கே தேடுங்கள். கடைக்காரரிடம் “ஒரிஜினலா?” என்று கேட்காதீர்கள், யாரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை. மாடலின் முழுப் பெயர், பொருள் எண், தையலா ஒட்டா, எந்த முத்திரை என்று எழுத்தில் கேளுங்கள். அவர்கள் எடுத்த சொந்தப் புகைப்படம் கேளுங்கள், மூட்டும் வால்வும் தெரிகிற மாதிரி. காற்றடித்த பந்தைத் திருப்பி எடுப்பார்களா என்பதையும் அப்போதே எழுதி வாங்குங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள். சிறுவர்களுக்கு வாங்குபவர்கள் எண்ணையும் கவனியுங்கள், 8 முதல் 12 வயது வரை பொதுவாக 4-ஆம் எண்தான். போலிப் பெட்டிகளில் எண்ணும் தப்பாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் விஷயத்தில், கார்டில் கட்டிய பணம் என்பதால் வங்கியில் புகார் கொடுத்தோம். தராசுப் படம், தையலின் குளோஸ்-அப், கடைக்காரரின் “அதே ஃபாக்டரி” மெசேஜ், எல்லாவற்றையும் இணைத்தோம். அந்த மெசேஜ்தான் அதிகம் உதவியது, ஏனென்றால் அது வேறு சரக்கு என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. ஒரு பகுதிப் பணம் வந்துவிட்டது, மீதி பரிசீலனையில். கடையின் பக்கத்தில் பந்து இன்னும் விற்பனையில் இருக்கிறது. படம் அதேதான். பெயரில் மட்டும் ‘மேட்ச்’ போய் ‘பிரீமியம்’ வந்திருக்கிறது. விலையில் மாற்றமில்லை.