ரிச்சி தெருவில் மீண்டு வந்த கன்ட்ரோலர்

செகா மெகா டிரைவ் என்ற பழைய வீடியோ கேம் கருவிக்கான என் அகச்சிவப்பு வயர்லெஸ் கன்ட்ரோலர், புது பேட்டரி போட்டாலும் ரிசீவருக்கு இரண்டடி தூரத்தில் பிடித்தால்தான் வேலை செய்யும் என்ற நிலைக்கு வந்தபோது, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் ஒரு மாடிக் கடைக்கு எடுத்துச் சென்றேன். அதற்கு முன் வேறொரு கடையில் தூக்கிப் போடச் சொன்னது மனதை மிகவும் வருத்தியிருந்தது.

இங்கிருந்த அண்ணன் மூடியைத் திறந்ததுமே மீன் கவிச்சி போன்ற வாடை வந்தது. "கெபாசிட்டர் கசிஞ்சிருக்கு தம்பி" என்றார். சிக்னலை அகச்சிவப்பு ஒளியாக அனுப்பும் எல்இடி ஒவ்வொரு துடிப்பிலும் சட்டென இழுக்கும் மின்சாரத்தைச் சேமித்துத் தருவது எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்தான். அதன் உள்ளே இருக்கும் திரவம் ஆண்டுகள் செல்லச் செல்லக் கசிந்தோ உலர்ந்தோ போகும்போது சேமிப்புத் திறன் குறைந்து, உள்மின்தடை கூடி, ஒளி மங்கி, சிக்னல் எட்டும் தூரம் சுருங்கிவிடுகிறது.

பழையதைப் பிடுங்கினால் போர்டின் செம்புத் தடமும் உரிந்து வரும் என்பதால், கால்களில் புது ஈயம் சேர்த்து உருக்கி, பொறுமையாகத் தூக்கி எடுத்தார். கசிவை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பச்சை பூத்த தடத்தை மீட்டரில் சோதித்த பிறகே, அதே சேமிப்புத் திறன் (மைக்ரோஃபாரட்) அளவில் 105 டிகிரி வெப்பம் தாங்கும் புதியவற்றை, எதிர்முனையைக் காட்டும் மைனஸ் பட்டையைச் சரிபார்த்துப் பொருத்தினார். ரிசீவரையும் சேர்த்து 450 ரூபாய். அந்த உழைப்புக்கு இது குறைவு என்றே சொல்வேன்.

இரண்டு நாள் என்றவர் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார், ரசீதும் தரவில்லை. ஆனால் கழற்றிய கெபாசிட்டர்களைக் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்தார். இப்போது கூடத்தின் மறுகோடியிலிருந்து விளையாடுகிறேன்.