பழமையூட்டிய கிதார் பாகங்கள்: வாங்கலாமா?

என் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை மின்கிதாரின் உடைந்த குமிழ்களுக்கும் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சைகையாக்கும் காந்தக் கருவி) மூடிகளுக்கும் மாற்றாக, ‘பழமையூட்டப்பட்டவை’ என்று விற்கப்படும் பாகங்களை இணையக் கடை ஒன்றில் வாங்கினேன். ஃபெண்டர் நிறுவனம் 1995இல் ‘ரெலிக்’ என்ற, பழையவை போல் தேய்மானம் ஊட்டிய புதுக் கிதார்களை அறிமுகப்படுத்திய பின்னர் இவ்வகைப் பொருள்கள் பெருகிவிட்டன என்றாலும், நிறம் ஒன்றே முதுமை என்று எண்ணும் பிழை இன்னும் நீங்கவில்லை. வந்த மூடிகள் எல்லாப் பக்கமும் ஒரே சீராக மஞ்சளாக இருந்தன. உண்மையான பழைய கிதாரிலோ விரல் படும் குமிழின் விளிம்பு தேய்ந்து வழவழப்பாகும், எண்கள் மங்கும், பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) உரசும் ஓரம் கீறலுறும், இடுக்குகளில் அழுக்கு படியும்.

மிக மெல்லிய எஃகு நாரால் பளபளப்பைக் குறைத்து, அடர்ந்த தேநீரில் ஊறவைத்த பிறகே அவை கிதாரோடு ஒத்துப்போயின. (எஃகுத் துகள்களைப் பிக்கப்பின் காந்தம் இழுத்துக்கொள்ளும் என்பதால், இவ்வேலையைப் பொருத்துவதற்கு முன்பே, கிதாருக்கு எட்டாத இடத்தில் முடித்துவிட வேண்டும்.) உடன் வந்த நிக்கல் முலாம் திருகுகள் மட்டும் நன்று: மூடிய டப்பாவில் வினிகர் ஆவியில் ஓர் இரவு வைத்ததும் இயல்பாக மங்கின, குரோம் முலாமாக இருந்திருந்தால் அவ்வளவு எளிதில் பலித்திருக்காது. மூடிகளுக்குக் கேட்கும் கூடுதல் விலை நியாயமற்றது; அடுத்த முறை அவற்றைச் சாதாரண வெள்ளையிலேயே வாங்குவேன்.