ஃபைல் சைஸ் மட்டும் தெரியணும்: ஹெட்டா, ரேஞ்சா, முழு டவுன்லோடா?

டிஸ்கில் இடம் போதுமா, ப்ரோக்ரஸ் பாரில் எத்தனை சதவீதம் காட்டுவது, நாலு துண்டாகப் பிரித்து இறக்கலாமா? இதற்கெல்லாம் ஃபைலின் அளவு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். சர்வரிடம் ஹெட் கோரிக்கை (ஃபைலை விட்டுவிட்டு அதைப் பற்றிய தகவல் வரிகளான ஹெடர்களை மட்டும் கேட்பது) அனுப்பலாம். ரேஞ்ச், அதாவது எந்தப் பகுதி வேண்டும் என்ற குறிப்பு, போட்டு ஒரே ஒரு பைட்டை மட்டும் கேட்கலாம். ஃபைலையே கேட்கும் சாதாரண கெட் அனுப்பி, ஹெடர் வந்ததும் இணைப்பை அறுத்துவிடலாம். எதுவும் சரிப்படாவிட்டால் முழுசாக இறக்கி எண்ண வேண்டியதுதான். பெரும்பாலும் எல்லாரும் சொல்வது ஹெட். கையால் சும்மா ஒருமுறை பார்க்க அது போதும். முன்பின் தெரியாத சர்வர்களோடு பேசும் புரோகிராம் என்றால் ரேஞ்சைத்தான் முதலில் அனுப்ப வேண்டும்.

ஹெட் என்பது பாடி (ஃபைலின் உள்ளடக்கம்) இல்லாத கெட். எச்டிடிபி விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 9110 ஆவணம் சொல்வதும் அதுதான்: கெட்டுக்கு என்ன ஹெடர் வருமோ அதுவே இதற்கும் வரவேண்டும். ஆனால் பாடியை உருவாக்கும்போதுதான் தெரியவரும் ஹெடர்களைச் சர்வர் விட்டுவிடலாம் என்று அதே ஆவணம் சலுகையும் கொடுக்கிறது. அளவைச் சொல்லும் கன்டென்ட்-லெங்த் ஹெடர் காணாமல் போவது பெரும்பாலும் இந்தச் சலுகையில்தான். டிஸ்கில் கிடக்கும் ஐஎஸ்ஓ, ஜிப், எம்பி4 போன்றவற்றுக்குப் பிரச்சினை அரிது. ஸ்கிரிப்ட் அந்த நேரத்தில் உருவாக்கித் தரும் ரிப்போர்ட்டுக்கு அளவு வராமலே போகலாம்.

கர்ல் (டெர்மினலில் கட்டளை கொடுத்து இறக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் -ஐ என்ற ஆங்கில எழுத்தைப் போடுவார்கள், பெரிய எழுத்தில். அதற்குப் பதில் -எக்ஸ் (இதுவும் பெரிய எழுத்து) போட்டு ஹெட் என்று எழுதினால் கட்டளை அப்படியே தொங்கி நிற்கும். காரணம், -எக்ஸ் மாற்றுவது கோரிக்கையில் போகும் சொல்லை மட்டும்தான். கன்டென்ட்-லெங்த் சொன்ன அத்தனை பைட்டும் வரும் என்று கர்ல் காத்துக்கொண்டிருக்கும், சர்வரோ ஒன்றும் அனுப்பாது.

அடுத்த வழுக்கல் ரீடைரக்ட், அதாவது சர்வர் வேறு முகவரிக்குத் திருப்பிவிடுவது. -ஐ தானாக ரீடைரக்டைப் பின்தொடராது, கூடவே பெரிய எழுத்தில் -எல் வேண்டும். பைத்தான் ரெக்வெஸ்ட்ஸ் லைப்ரரியிலும் இதே கதைதான்: கெட் தானாகப் பின்தொடரும், ஹெட் பின்தொடராது. எந்த ஃபைலைக் கேட்டாலும் 162 பைட் என்று வருகிறதா? அது உங்கள் ஃபைல் இல்லை. வெர்ஷன் எண்ணை மறைத்து வைத்திருக்கும் என்ஜின்எக்ஸ் சர்வரின் 301 (ரீடைரக்ட்) பக்கம் மிகச் சரியாக 162 பைட். -எல் போட்ட பிறகும் ஒவ்வொரு தாவலின் ஹெடரும் வரிசையாக அச்சாகும். முதலில் வரும் கன்டென்ட்-லெங்த்தை எடுத்தால் மறுபடி 162தான், கடைசியில் வருவதை எடுங்கள். எச்டிடிபி/2-இல் ஹெடர் பெயர் முழுக்கச் சின்ன எழுத்தில் வரும், அதனால் வரியைத் தேடி எடுக்கும் கிரெப்பில் எழுத்து பேதம் பார்க்காத -ஐ (இங்கே சின்ன எழுத்து) அவசியம். வரியின் கடைசியில் ஒட்டியிருக்கும் கேரேஜ் ரிட்டர்னையும் நீக்கிவிடுங்கள். அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஷெல்லில் கூட்டல் கழித்தல் செய்யப்போனால் எர்ரர் வரும்.

இவை எல்லாம் சமாளிக்கக் கூடியவை. ஹெட்டை நான் பின்னுக்குத் தள்ளுவது வேறு காரணத்துக்காக: ஹெட்டை மதிக்காத சர்வர்கள். பைத்தானில் சர்வர் எழுத உதவும் ஃபாஸ்ட்ஏபிஐயில் கெட்டுக்கு மட்டும் எழுதிய ரூட்டுக்கு (முகவரிக்கு) ஹெட் போனால் 405 (இந்த வகைக் கோரிக்கை இங்கே கிடையாது) வரும்; அதே வேலைக்கான ஃபிளாஸ்க் ஹெட்டைத் தானாகவே சேர்த்துக்கொள்ளும். அமேசானின் ஃபைல் சேமிப்புச் சேவையான எஸ்3-இன் ப்ரீசைன்டு லிங்க் (முன்கூட்டியே கையெழுத்திட்ட தற்காலிக லிங்க்) இன்னும் கறார். கையெழுத்துக் கணக்கில் மெத்தட் (கெட், ஹெட் போன்ற கோரிக்கை வகை) பெயரும் சேர்ந்திருப்பதால், கெட்டுக்காக உருவாக்கிய லிங்கில் ஹெட் அனுப்பினால் 403 (அனுமதி இல்லை). ஹெட்டுக்குப் பாடி கிடையாது என்பதால் ஏன் 403 என்ற விளக்கமும் வந்து சேராது. லிங்க் காலாவதியாகிவிட்டது என்று நினைத்து வேறெங்கோ தேட வேண்டியதுதான்.

அதே லிங்கில் ரேஞ்ச் வேலை செய்யும், ஏனென்றால் அது கெட்தான். கோரிக்கையில் 'ரேஞ்ச்: பைட்ஸ்=0-0' என்று ஒரு ஹெடர் சேர்க்கிறோம்; கர்லில் -ஆர் 0-0 (சின்ன எழுத்து). பதில் 206 (கேட்ட பகுதி மட்டும் வருகிறது). அதில் கன்டென்ட்-ரேஞ்ச் வரி 'பைட்ஸ் 0-0/734003200' என்று இருந்தால், சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பதுதான் முழு அளவு. பழக்கதோஷத்தில் கன்டென்ட்-லெங்த்தைப் படித்தால் 1 என்றுதான் வரும், ஏனென்றால் வந்தது ஒரு பைட். இன்னொரு ஆதாயமும் உண்டு: 206 வந்துவிட்டாலே, துண்டு துண்டாக இறக்கவும், பாதியில் நின்றதைத் தொடரவும் இந்த சர்வர் ஒத்துழைக்கும் என்பதும் அதே கோரிக்கையில் தெரிந்துவிடுகிறது.

மற்ற பதில்களுக்கும் தயாராக இருக்க வேண்டும். சாய்கோட்டுக்குப் பின் நட்சத்திரக் குறி இருந்தால் முழு அளவு சர்வருக்கே தெரியாது என்று பொருள். ஃபைல் காலியாக இருந்தால் முதல் பைட்டே கிடையாது, ஆகவே சில சர்வர்கள் 416 (கேட்ட பகுதி இல்லை) கொடுத்து 'பைட்ஸ் */0' என்று எழுதும், சில 200 (வழக்கமான முழுப் பதில்) கொடுத்துக் கன்டென்ட்-லெங்த் 0 என்று சொல்லும். ரேஞ்சைக் கண்டுகொள்ளாத சர்வர் 200 கொடுத்து மொத்த ஃபைலையும் அனுப்பத் தொடங்கிவிடும். இந்த ஸ்டேட்டஸ் எண்ணைப் பார்க்காமல் பாடி முழுவதையும் படிக்கும் கோடு எழுதியிருந்தால், சைஸ் கேட்கப் போய் ஐந்து ஜிபி இறங்கியிருக்கும். 200 என்று கண்டவுடன் கன்டென்ட்-லெங்த் இருந்தால் எடுத்துக்கொண்டு இணைப்பை மூடுங்கள்.

இப்படி மூடுவதுதான் மூன்றாவது வழி. ரெக்வெஸ்ட்ஸில் ஸ்ட்ரீம்=ட்ரூ போட்டால் பாடி படிக்கப்படாமல் நிற்கும். அப்போது மூடினால் எச்டிடிபி/1.1-இல் இணைப்பே போய்விடும், அடுத்த கோரிக்கைக்குப் பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்தும் டிஎல்எஸ் கைகுலுக்கல் புதிதாக நடக்க வேண்டும். எச்டிடிபி/2-இல் அந்த ஒரு ஸ்ட்ரீம் மட்டும் ரத்தாகும். தனியாக இதைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, ரேஞ்ச் தோற்கும் இடத்தில் தானாக இங்கேதான் வந்து விழுவோம்.

எந்த வழியில் கேட்டாலும் ஜிஜிப் என்ற சுருக்க முறை குறுக்கே வரும். 'அக்செப்ட்-என்கோடிங்: ஐடென்டிட்டி' (சுருக்காமல் அனுப்பு) என்று சேர்க்காவிட்டால், ஜேசன், சிஎஸ்வி, எச்டிஎம்எல் போன்றவற்றுக்கு வரும் எண் சுருக்கிய அளவாக இருக்கலாம். என்ஜின்எக்ஸ் அந்தந்த நேரத்தில் சுருக்கும்போது கன்டென்ட்-லெங்த்தையே எடுத்துவிடும். கர்ல் தானாகச் சுருக்கம் கேட்காது, ரெக்வெஸ்ட்ஸ் கேட்கும். ஒரே லிங்குக்கு டெர்மினலில் ஒரு எண்ணும் பைத்தானில் வேறு எண்ணும் வருவதன் ரகசியம் இதுதான். கோ மொழியின் கெட்டும் தானாக ஜிஜிப் கேட்கும், தானே பிரித்துக் கொடுத்துவிட்டு அளவு -1 (தெரியாது) என்று சொல்லும்.

பிரவுசருக்குள் மட்டும் என் சிபாரிசு தலைகீழ். வேறு டொமைனில் உள்ள ஃபைலுக்கு, கோர்ஸ் அனுமதி (வேறு டொமைனின் பக்கமும் படிக்கலாம் என்று அந்த சர்வர் தருவது) கிடைத்துவிட்டால் கன்டென்ட்-லெங்த்தை ஜாவாஸ்கிரிப்ட் நேரடியாகப் படிக்கலாம். கன்டென்ட்-ரேஞ்சைப் படிக்க, அந்த சர்வர் 'அக்சஸ்-கன்ட்ரோல்-எக்ஸ்போஸ்-ஹெடர்ஸ்' வரியில் அதன் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருக்காவிட்டால் 206 வந்தும் எண் கைக்கு வராது. அங்கே ஹெட்தான் சரி. ஆனால் அக்செப்ட்-என்கோடிங்கை மாற்ற பிரவுசர் விடாது என்பதால் டெக்ஸ்ட் ஃபைல்களுக்கு அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

அளவே சொல்லாமல் சங்க்டு முறையில் துண்டு துண்டாக அனுப்பும் சர்வரிடம் எந்தத் தந்திரமும் பலிக்காது. முழுசாக இறக்கி எண்ணத்தான் வேண்டும்: கர்லில் வெளியீட்டை எதையும் சேமிக்காத /டெவ்/நல்லுக்கு அனுப்பிவிட்டு, -டபிள்யூவில் (சின்ன எழுத்து) 'சைஸ்_டவுன்லோட்' கேட்டால் வந்த பைட் எண்ணிக்கை கிடைக்கும். ப்ரோக்ரஸ் பாருக்காக மட்டும் இதைச் செய்வது வீண்வேலை. அங்கே சதவீதத்தை விட்டுவிட்டு, இதுவரை எத்தனை எம்பி இறங்கியது என்று காட்டுங்கள்.