செத்தவீட்டுக்கு எந்த வேதாகமம் நல்லது?

மட்டக்களப்பில் ஒரே குடும்பத்துக்குள் கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் பெந்தெகொஸ்தேக்காரரும் இருப்பது புதினமில்லை. ஆகவே துக்கவீட்டு ஜெபத்துக்கென்று ஒரு வேதாகமம் வாங்கப் போகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது விலையை அல்ல. பழைய திருப்புதலா, திருவிவிலியமா என்பதைத்தான்.

மெதடிஸ்தரும் பெந்தெகொஸ்தேக்காரரும் வாசிக்கும் பழையது 1871ஆம் ஆண்டு ஐக்கிய மொழிபெயர்ப்பு, 66 நூல்கள். கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியம் 1995இல் வந்தது, 73 நூல்கள். கத்தோலிக்க அடக்கச் சடங்கில் வாசிக்கும் சாலமோனின் ஞானம் 3ஆம் அதிகாரம் பழையதில் கிடையாது. அந்த வாசிப்பு வேண்டுமென்றால் வேறு தெரிவு இல்லை.

விளங்குவதில் திருவிவிலியத்துக்கே முதலிடம். 56ஆம் சங்கீதத்தில் "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்" என்கிறது பழையது. துருத்தி என்றால் நம்மவருக்குக் கொல்லன் பட்டறைதான் கண்ணில் வரும். திருவிவிலியம் 'தோற்பை' என்கிறது. தண்ணீர் சேர்த்து வைக்கும் பை என்று உடனே பிடிபடுகிறது. 1 தெசலோனிக்கேயர் 4:13இல் பழையது இறந்தவர்களை "நித்திரையடைந்தவர்கள்" என்கிறது. நித்திரை தமிழ்நாட்டில் ஏட்டுச் சொல், இங்கே தூக்கத்துக்கு அன்றாடச் சொல். தகப்பனைப் பறிகொடுத்த ஐந்து வயதுப் பிள்ளை பக்கத்தில் இருந்தால், அப்பா எப்போது எழும்புவார் என்றுதான் கேட்கும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்த வசனத்தைத் திருவிவிலியத்திலிருந்து வாசியுங்கள். அதே வசனத்தைக் காட்டி "அழக்கூடாது" என்று அதட்டுவது பெரும் பிழை. நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் அதில் இருக்கிறது; துக்கிக்கவே வேண்டாம் என்றில்லை. நண்பன் லாசரு இறந்தபோது இயேசுவே கண்ணீர் விட்டார் (யோவான் 11:35).

ஆனால் முதல் மூன்று நாளைக்கு விளக்கம் பெரிதாக உதவாது. மனம் மரத்துப்போனவருக்குப் புதிய வசனம் காதோடு நின்றுவிடும். சின்னதில் மனனம் செய்ததுதான் உள்ளே இறங்கும். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று ஞாயிறு பாடசாலையில் படித்தவருக்கு "ஆண்டவரே என் ஆயர்" அந்நியமாகவே ஒலிக்கும். மறுபக்கமும் அப்படியே. துக்கக்காரர் எந்தச் சபையில் வளர்ந்தார் என்று கேட்டுவிட்டே புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

எதை வாசிப்பது? 23ஆம் சங்கீதம் ஆறே வசனம், ஒரு நிமிடத்தில் முடியும். கூடவே 88ஐயும் வாசிக்கலாம். 18 வசனம், ஆறுதல் வரியில்லாமல் இருட்டிலேயே முடிகிற பாட்டு. பலர் அதைத் தவிர்ப்பார்கள். உடைந்துபோனவர் தன் நிலையைத் தன் வேதத்திலேயே கேட்பதற்கு அதைவிடப் பொருத்தமானது குறைவு. யோபுவில் 2:13ஐத் தாண்ட வேண்டாம். யோபுவுக்கு ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் இருந்தவரைக்கும் நல்லவர்கள். அதற்குப் பிறகு அவர்கள் பேசியதைத் துக்கவீட்டில் வாசித்தால் குற்றச்சாட்டு மாதிரித்தான் விழும்.

கல்லடி, நாவலடிப் பக்கம் 2004 டிசம்பர் 26 சுனாமியில் ஆட்களைப் பறிகொடுத்த வீடுகளில் 42, 69ஆம் சங்கீதங்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள். "உமது அலைகளும் திரைகளும் எல்லாம் என்மேல் புரண்டுபோகிறது" என்ற வரி சிலருக்குத் தன் வாயிலிருந்தே வந்தது போலிருக்கும், சிலரால் தாங்கவே முடியாது.

அச்சைப் பொறுத்தவரை சின்னக் கையடக்கப் பதிப்பு வேண்டாம். இரவு ஜெபத்தில் மங்கிய மின்குமிழின் கீழ், அழுத கண்ணோடு வாசிக்கப் பெரிய எழுத்துப் பதிப்பே சரி. பாரம் அதிகம், மடியில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும். சிப் (zip) வைத்த உறை பார்க்க வடிவுதான், வாவிக்கரை உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகிவிடும். மாரியில் மெல்லிய தாள்கள் ஈரமேறி ஒட்டிக்கொள்ளும். விரலால் பிரித்தால் கிழியும், வெயிலில் சற்று விரித்து வைத்தால் தானாக விடும். தொலைபேசிச் செயலி அவசரத்துக்குப் பரவாயில்லை, ஆனால் வாசிப்பின் நடுவே அழைப்பு வரும்.

கூட்டாக வாசிக்கத் தொடங்கினால்தான் சிக்கல். பாதிப்பேர் "கர்த்தர்", மீதிப்பேர் "ஆண்டவர்". இரண்டாம் வரியிலேயே குழம்பும். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம். இல்லாவிட்டால் ஒரே மொழிபெயர்ப்பைப் பெரிய எழுத்தில் அடித்து, போட்டோகொப்பி எடுத்துக் கொடுங்கள். 130ஆம் சங்கீதம் என்றால், தலைப்பில் சங்கீதம் 130 என்றும் திருவிவிலியத்தில் உள்ளபடி திருப்பாடல் 130 என்றும் இரண்டு பெயரும் இருக்கட்டும். பழைய லத்தீன் வேதாகமத்தின் எண்வரிசைப்படி அதை 129 என்று பழகிய அம்மம்மாமாருக்காக அந்த எண்ணையும் சேர்த்துப் போடுங்கள்.