அல்சூர் மெக்கானிக் கடை: பெடல் புஷ், கேபிள் மாற்றியதே போதுமானது

என் 2004 மாருதி 800 அப்பா வாங்கிய வண்டி. ஒரு மாதமாக கிளட்ச் பெடல் பக்கவாட்டில் ஆடியது; முதல் கியர் விழ அடம்பிடித்தது. பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் அடியில் குனிந்துகூடப் பார்க்காமல் கிளட்ச் செட்டையே மாற்றச் சொன்னார்கள்.

பெங்களூரு அல்சூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சின்னக் கடைக்குப் போனேன். பெரியவர் டாஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்து டார்ச் அடித்தார். "கிளட்ச் நல்லாருக்கு தம்பி, பெடல் புஷ்தான் தேஞ்சுபோச்சு" என்றார். பெடலைத் தாங்கும் ஷாஃப்டைச் சுற்றியிருக்கும் சின்ன வளையம்தான் புஷ். அதைக் கழற்றி என் கையிலேயே வைத்தார். ஒரு பக்கம் காகிதமாக மெலிந்து, ஓட்டை முட்டை வடிவத்தில் இருந்தது. இந்த வண்டியில் பெடல் இழுப்பது கேபிளைத்தான். பெடல் கோணினால் கேபிள் முழுதாக இழுபடாது, கிளட்ச் முழுதாக விடாது, கியர் உரசும். சரிதான், அதுதான் நோய்.

ஜேசி ரோட்டில் நான் வாங்கிவந்த புஷ், கேபிள் இரண்டையும் போட்டார். ஷாஃப்டை எமரி தாளால் தேய்த்து கிரீஸ் வைத்தார். அப்புறம் நட்டைத் திருகித் திருகி, பெடலின் தளர்வு ஒரு விரல் அகலம் வரும்வரை விடவில்லை.

கூலி 900 ரூபாய். ரசீது தருவதில்லை, அது குறைதான். மறுநாள் சில்க் போர்டு நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்தேன். இடது முழங்கால் வலிக்கவே இல்லை.