ரொறன்ரோவில் ஒரு மணி நேரம், கட்டுநாயக்காவில் இரண்டு நிமிடம்

புறப்படுவதற்கு முந்தைய இரவு இணையத்தில் போர்டிங் பாஸ் எடுக்கப் பார்த்தேன். மனைவிக்கு வந்தது, மகளுக்கு வந்தது. எனக்கு மட்டும் விமான நிலையத்தில் வந்து பெற்றுக்கொள்ளச் சொன்னது திரை.

மறுநாள் கவுண்டரில் இருந்த பெண் என் கனடியக் கடவுச்சீட்டைப் புரட்டினார், தட்டச்சு செய்தார், தொலைபேசியை எடுத்தார். யாரிடமோ என் பிறந்த திகதியை மூன்று முறை சொன்னார். பெட்டிகள் நிறுவைத் தட்டில் ஏறி நின்றன. பட்டி மட்டும் ஒட்டப்படவில்லை. வரிசையில் நின்றவர்கள் மகளைக் கனிவோடும் என்னை வேறு விதமாகவும் பார்த்தார்கள். என்ன சிக்கல் என்று கேட்டேன். சொல்ல அனுமதி இல்லையாம். ஒரு மணி நேரம் கழித்து, எதுவுமே நடவாததுபோல், ஜன்னலோர இருக்கை வேண்டுமா என்று கேட்டார்.

வீட்டில் எல்லோரும் பயந்தது இலங்கையின் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு. பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அச்சிட்ட கடவுச்சீட்டோடு 19 ஆண்டுகளுக்குப் பிறகு போகிறேன். அங்கோ இரண்டே நிமிடத்தில் முத்திரை விழுந்தது. நல்லூரில் தேங்காய் உடைப்பதாக நேர்ந்த அம்மா, விமான நிலையத்தை மாற்றி நேர்ந்துவிட்டார்.

சுன்னாகத்தில், மொன்றியலிலிருந்து வந்திருந்த மச்சான்தான் விளக்கினார். பயணிகளின் பெயர்களை விமானப் பயணத் தடைப் பட்டியலோடு ஒப்பிடும் திட்டம் கனடாவில் 2007 முதல் இருக்கிறது. பட்டியலில் உள்ள யாருடைய பெயரையாவது உங்கள் பெயர் ஒத்திருந்தாலே மாட்டிக்கொள்வீர்கள். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது. கடவுச்சீட்டில் அதற்கான கட்டத்தில் அப்பாவின் பெயர் ஏறிவிடுகிறது. அப்பா காலத்தில் ஊருக்குப் பத்துச் சிவலிங்கம்! இப்படி அகப்படுவோருக்காக 2020 நவம்பரிலிருந்து ‘கனடியப் பயண எண்’ இலவசமாகக் கொடுக்கிறார்கள். டிக்கெட் பதியும்போது அதையும் சேர்த்துக் கொடுத்தால், அந்த ஆள் நீங்கள் இல்லை என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். கனடாவுக்கு வரும், கனடாவிலிருந்து போகும், கனடாவுக்குள் பறக்கும் விமானங்களுக்குத்தான் அது உதவும்; மற்ற நாடுகளில் செல்லாது.

என் தாமதத்துக்குக் காரணம் அதுதானா என்று யாரும் சொல்லவில்லை, சொல்லப்போவதுமில்லை. ஆனாலும் அன்றிரவே விண்ணப்பித்தேன்.

திரும்பும் நாள்வரை எண் வரவில்லை. நான்கு மணி நேரம் முன்னதாகவே போய் நின்றோம். கவுண்டரில் இருந்தவர் கடவுச்சீட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், தொலைபேசியை எடுத்தார். மகள் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து, பெரியம்மா கொடுத்த பனங்கட்டிக் குட்டானைப் பிரிக்கத் தொடங்கினாள்.